அட்டையில் அந்த ஆள், வீட்டில் நான்

என் நாவலின் ஆங்கிலப் பதிப்பு வந்தபோது பின்னட்டையில் இன்னொருவர் பெயர் இருந்தது. நான் எழுதியது என் அக்காவின் கதை. வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கதை. அதைப் படித்த ஆங்கிலப் பத்திரிகை விமர்சகர் ஒருவர், எப்போதோ செத்துப்போன ஓர் ஐரோப்பிய எழுத்தாளரின் குடும்பப் பெயரை எடுத்து, அதற்கு ஒரு வாலை ஒட்டி, என் புத்தகத்தின் மேல் முத்திரை குத்திவிட்டார். பதிப்பகத்துக்கு ஒரே குஷி. அந்த ஒற்றை வார்த்தையை என் பெயரைவிடப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

"இதுக்கு மேல என்ன மேடம் வேணும்" என்று பதிப்பகத்துப் பெண் போனில் கேட்டாள். என்ன வேணுமா? அந்த ஆளைத் தூக்கி எறிய வேணும். அப்படிச் சொல்ல நா எழவில்லை. சந்தோஷம் என்று சொல்லிவிட்டு வைத்தேன். வைத்த பிறகு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அன்றைக்கு முழுக்க வீட்டில் ஒரு பாத்திரத்தைக்கூட நான் மெதுவாக வைக்கவில்லை.

அந்த வார்த்தை எனக்குப் புரியாமல் இல்லை. சரவணம்பட்டிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இருபத்தாறு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் நான். எழுத்தாளரின் குடும்பப் பெயர் எப்படி அடைமொழியாகிறது என்பதைப் போர்டில் எழுதிப்போட்டு நானே பாடம் நடத்தியிருக்கிறேன். சில பேருக்கு 'இயன்' ஒட்டும், சில பேருக்கு 'எஸ்க்' ஒட்டும். முதலில் ஒரு விமர்சகர் சொல்வார், அவரைப் பார்த்து நாலு பத்திரிகை சொல்லும், கடைசியில் அகராதியில் ஏறிவிடும். ஏறியபின் அந்த எழுத்தாளரை யாரும் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. அழுக்குப் பிடித்த தெருவும் பசித்த பிள்ளைகளும் என்றால் ஒருவர். அரசாங்கம் ஒட்டுக்கேட்டால் இன்னொருவர். எங்கள் கல்லூரியில் வண்டி நிறுத்த டோக்கன் வாங்கும் முறையைக்கூட ஒரு துறைத் தலைவர் அப்படி ஓர் எழுத்தாளரின் பெயரால் திட்டினார். அந்த எழுத்தாளரின் ஒரு பக்கத்தைக்கூட அவர் புரட்டியதில்லை என்று எனக்குத் தெரியும். என் மாணவர்கள் இதை ஒரு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்தார்கள். நானும் ஒரு மார்க் போட்டுவிட்டுப் போனேன்.

நமக்கு அந்த வால் ஒட்டாது. ஒட்ட நமக்குக் குடும்பப் பெயர் எங்கே இருக்கிறது, இனிஷியல்தானே இருக்கிறது. மொழிபெயர்ப்புக்கு ஒப்பந்தப் படிவம் வந்தபோது குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டேன். கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். வேறு வழியில்லாமல் அப்பா பெயரைப் போட்டேன். அப்பா என் கதைகளில் ஒரு வரி படித்ததில்லை. "பொம்பளைப்புள்ளைக்கு இந்தச் சோலி எதுக்கு" என்று கேட்டவர். நாளைக்கே நான் பெரிய ஆளாகி ஆங்கிலத்தில் ஓர் அடைமொழி பிறந்தால் அது அவர் பெயரில்தான் பிறக்கும். இதை நினைத்துச் சிரித்தேன். சிரித்தபின் இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆனால் என் கோபம் அதற்கல்ல. அந்த ஐரோப்பியரின் பெயரை ஆங்கிலத்தில் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்றால், யாரென்றே தெரியாத கைகளில் சிக்கி, எதற்கென்றே தெரியாமல் மனிதர் நசுங்குவதைச் சொல்ல. என் நாவலில் நடப்பதும் அதுதானாம். யாரென்றே தெரியாத கைகளா? எனக்கு ஒவ்வொரு கையும் தெரியும்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒரு சீர் உண்டு. மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ, கல்யாணப் பெண்ணுக்குச் சமமாகப் பட்டும் நகையும் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்பாள். கூறைச்சேலையின் ஒரு முனையை அவன் பிடிப்பான், மறு முனையை இவள் பிடிப்பாள். புதிதாக ஒருத்தி வந்தாலும் கூடப் பிறந்தவளுக்கு இந்த வீட்டில் உள்ள உரிமை போகாது என்று ஊர் பார்க்கச் சொல்வதற்காக அந்தச் சீர். கூடப் பிறந்தவள் இல்லாவிட்டால் அந்த முறையில் இருக்கிற ஒருத்தி நிற்பாள். சீர் செய்துவைக்கிற பெரியவரை அருமைக்காரர் என்போம்.

நாங்கள் மூன்று பேர். அக்கா, நான், தம்பி. அக்காவுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடத்தில் மாமா காங்கேயம் ரோட்டில் லாரி அடித்துச் செத்துப்போனார். குழந்தை இல்லை. அக்கா திரும்பி வந்துவிட்டாள். அதற்கப்புறம் நாலு வருடம் கழித்துத் தம்பிக்குக் கல்யாணம். அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அக்கா. மண்டபத்துக்குச் சாமான் கட்டியது அக்கா, கூறைச்சேலை எடுக்கக் கடைக்குப் போனது அக்கா. இணைச்சீர் நேரம் வந்தபோது அவளை ஸ்டோர் ரூமில் இருக்கச் சொன்னார்கள். தாலி இழந்தவள் அந்தச் சேலையைத் தொடக்கூடாது, கண்ணில் படவும் கூடாது.

சொன்னது பெரியப்பா. தலையாட்டியது அப்பா. அக்காவைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது அம்மா. 'முறைன்னு ஒண்ணு இருக்குதுங்கல்ல' என்றது அருமைக்காரர். மேடையில் நின்றுகொண்டு, அக்கா எங்கே என்று ஒரு வார்த்தை கேட்காதவன் தம்பி. அக்காவின் இடத்தில் பட்டுக் கட்டிக்கொண்டு சேலையின் மறு முனையைப் பிடித்து நின்றவள் நான்.

நாவலில் நான் எல்லாரையும் எழுதினேன். பெரியப்பாவை விடவில்லை, பெற்றவர்களை விடவில்லை. ஆனால் சேலையைப் பிடித்து நின்ற இடத்தில் ஒரு பெரியப்பா மகளைக் கொண்டுவந்து நிறுத்தினேன். அப்படி ஒருத்தி எங்களுக்குக் கிடையாது. கேட்டால் புனைவு என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா. புனைவு என்ன புனைவு, பயம். பிழைப்புக்கு எழுதிய பொய்.

புத்தகம் வந்து இரண்டு மாதத்தில் தம்பியிடமிருந்து போன். மகனுக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறது, பெண் வீடு காரமடை, முகூர்த்தம் அங்கேயே ஒரு மண்டபத்தில். அவனுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் சரவணம்பட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை செய்கிறாள், போன வருடம் விவாகரத்து வாங்கியவள். இளையவன்தான் மாப்பிள்ளை. போனில் தம்பி எல்லாம் சொன்னான், இணைச்சீர் பற்றி மட்டும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி மகளே என் வீட்டுக்கு வந்துவிட்டாள். உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்தாள்.

"அத்தை, இணைச்சீருக்குச் சித்தி மகளை நிறுத்தறாங்களாமா. என்னை மண்டபத்துல அக்கட்ட இக்கட்டத் திரியாம உக்காருன்னு அம்மா சொல்லிப்போட்டாங்க."

"உன்ற தம்பிகிட்டக் கேட்டியா?"

"கேட்டேனுங்க. அப்பா சொல்றபடி செய்யலாம்ங்கறான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே குடும்பம், இதே சேலை, இதே மாதிரி வாயை மூடிக்கொண்டு நிற்கிற மாப்பிள்ளை. நான் வருகிறேன், நான் பேசுகிறேன், விடமாட்டேன் என்று மளமளவென்று சொல்லிக்கொண்டே போனேன். நான் முடித்ததும் அவள் சொன்னாள்.

"நீங்க பேசுங்க, வேண்டாம்ங்கலை. ஆனா ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்கக் கூடாது. எங்க ஊட்டுல உங்க பேர்ல ஒரு வார்த்தை இருக்குதுங்க."

"என்ன வார்த்தை?"

அவள் என் பெயரைச் சொன்னாள். கூடவே ஒரு 'த்தனம்' போட்டாள். முட்டாள்தனம், கஞ்சத்தனம் என்கிறோமே, அந்த மாதிரி என் பெயருக்குப் பின்னால் ஒரு வால்.

"அடுத்தவங்க செஞ்ச தப்பையெல்லாம் ஊருக்குச் சொல்லிப்போட்டு, தன்ற பங்கை மட்டும் மறைச்சுக்கறதுக்கு அந்தப் பேருங்க. பக்கத்து ஊட்டம்மா அவங்க மருமகளைப் பத்திப் பேசீட்டு இருந்தா, பொறவு அம்மா அதைத்தான் சொல்லுவாங்க. நானும் சொல்லியிருக்கறேன். உங்க பேருங்கறதே மறந்துபோற அளவுக்குச் சொல்லுவோம்."

"யாரு ஆரம்பிச்சது?"

"பெரியத்தைங்க."

பெரியத்தை என்றால் என் அக்கா. எட்டாவதோடு படிப்பு நின்றவள். தம்பி வீட்டில் அவனுடைய தேங்காய்க் களத்தைப் பார்த்துக்கொண்டு, கொப்பரை காயப்போடும் ஆட்களுக்கு டீ போட்டுக்கொண்டு, நான் எழுதுகிற புத்தகங்களை ஒன்று விடாமல் படிக்கிறவள். ஆங்கிலத்தில் ஓர் அடைமொழி பிறக்க ஒரு விமர்சகரும் நாலு பத்திரிகையும் ஓர் அகராதியும் வேண்டும் என்று நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அவள் ஒற்றை ஆளாகக் களத்துமேட்டில் உட்கார்ந்துகொண்டு அதைச் செய்து முடித்திருந்தாள். அதுவும் என் பெயரிலேயே, அப்பா பெயரில் இல்லை.

முதலில் எனக்கு அக்கா மேல்தான் கோபம் வந்தது. எவ்வளவு நெஞ்சழுத்தம். என்னிடம் நேராகக் கேட்டிருக்கலாமே, அவளுக்காகத்தானே எழுதினேன். அன்றைக்கு முழுக்க அவளோடு மனதுக்குள் சண்டை போட்டேன். சண்டையில் நானே எல்லாப் பக்கமும் தோற்றேன். அட்டையில் இருந்த வார்த்தை பொய். வீட்டில் இருந்த வார்த்தை நிஜம்.

அதற்கடுத்த வாரம் சீர் யார் யார் செய்வது என்று பேசி முடிக்கத் தம்பி வீட்டில் கூடினார்கள். நானும் பஸ் ஏறிப் போனேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து ஹாலில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். தம்பி, அவன் மனைவி, அவளுடைய தங்கை, அந்தத் தங்கையின் மகள், சாய்வு நாற்காலியில் அருமைக்காரர். இப்போது இருப்பவர் வேறு ஆள், பழையவர் போய்விட்டார். தம்பி மகள் வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். அக்கா சமையலறைக் கதவோரம் முக்காலியில் உட்கார்ந்து வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இணைச்சீர் பேச்சு வந்ததும் நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்து சொன்னால் குரல் வராது என்று பயம்.

"ஒரு விஷயம் சொல்லோணும். என் புத்தகத்துல பெரியப்பா மகள்னு ஒருத்தி வர்றா. அப்படி யாரும் இல்லை. தம்பி, உன்ற கல்யாணத்துல அக்கா இடத்துல நின்னது நான். இருக்கறவங்க எல்லாருக்கும் தெரியும், ஆனா எழுதறப்ப மறைச்சுட்டேன். தப்பு. அன்னைக்கு நான் நிக்க மாட்டேன்னு சொல்லியிருந்தா அந்தச் சீரே நின்னிருக்கும், இல்லாட்டி அக்காவைக் கூப்பிட்டிருப்பாங்க. நான் சொல்லலை. இப்ப மறுபடியும் அதே வேலையைச் செய்யாதீங்க. உன்ற மக இருக்கறப்ப இன்னொருத்தியை நிறுத்தாதே."

வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையை முழுசாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, வெட்கக்கேடு.

தம்பி நிதானமாகக் கேட்டான். அவன் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. மரியாதையாகவே கழுத்தை அறுப்பான்.

"சரிங்க்கா. நீங்க நின்னீங்க. இப்ப என்ன கெட்டுப்போச்சுங்க? நல்லாத்தானே இருக்கறோம். நீங்களும் நல்லா இருக்கறீங்க. பெரியக்காவும் நம்ம கூடத்தான் இருக்கறாங்க, என்ன கொறை வெச்சோம்? அதே மாதிரி இப்பவும் ஒரு புள்ளை நிக்கட்டும். நீங்களே நின்னுபோட்டு அடுத்தவளை வேண்டாம்ங்கறீங்களே, அது நாயமுங்களா?"

அருமைக்காரர் தலையாட்டினார். "பெரியவங்க நின்ன முறைதானுங்களே" என்றார். நான் ஒப்புக்கொண்டதையே எடுத்து முன்னுதாரணம் ஆக்கிவிட்டார்கள். இதற்கா பஸ் ஏறி வந்தேன் என்று இருந்தது. தம்பி மனைவியின் தங்கை மகளோ தலையைக் குனிந்து செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், அவளும் அன்றைய நான்தான்.

"என்ன கெட்டுப்போச்சுன்னு அவகிட்ட ஏன் கேக்கறே தம்பி. எங்கிட்டக் கேளு."

அக்கா முக்காலியை விட்டு எழவில்லை. கையில் வெற்றிலை அப்படியே இருந்தது. இத்தனை வருடத்தில் அந்த நாளைப் பற்றி அவள் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

"ஸ்டோர் ரூம்ல இருக்கச் சொன்னீங்க, இருந்தேன். கதவு தொறந்துதான் இருந்துச்சு. அங்கிருந்து மேடை தெரியும். சேலையைத் தொடாட்டிப் போகுது, என்ற தம்பி சேலை புடிச்சு நிக்கறதைக் கண்ணுலயாச்சும் பாத்துக்கலாம்னு நின்னுட்டு இருந்தேன். இவ பட்டைக் கட்டீட்டு அந்த வழியா வந்தா. என்னைப் பாத்தா. பாத்துப்போட்டு, கதவை இழுத்துச் சாத்தீட்டுப் போய்ட்டா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

ஆமாம், சாத்தினேன். அம்மா சொல்லவில்லை, பெரியப்பா சொல்லவில்லை, யாருமே சொல்லவில்லை. மேடையில் நிற்கும்போது அக்காவின் முகம் என் கண்ணில் படக்கூடாது என்று நானாகச் சாத்தினேன். நாவலில் எழுதவில்லை. அன்றைக்கு ஹாலில் எழுந்து நின்று பெரிய மனுஷி மாதிரி ஒப்புக்கொண்டேனே, அதிலும் சொல்லவில்லை. இந்தப் பக்கங்களில் கைகளை வரிசையாக எண்ணிக் காட்டினேனே, அதிலும் விட்டுவிட்டேன்.

"நெசமா?" என்று தம்பி என்னைக் கேட்டான்.

"நெசந்தான்" என்றேன்.

அக்கா தம்பியை விடவில்லை.

"என்ற காலம் போச்சு. உன்ற மகளையும் ஒரு ரூம்ல உக்கார வெச்சீன்னா, நானும் அவளோடயே போய் உக்காந்துக்கறேன். கதவை நீயே வந்து சாத்து. வேற ஆளை விடாதே."

அவள் சத்தம் போடவில்லை. சொல்லி முடித்து அடுத்த வெற்றிலையை எடுத்தாள். தம்பி எழுந்து வாசலுக்குப் போய், மகள் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றான். அருமைக்காரர் பக்கம் திரும்பி, "எங்க அம்மணியே நிக்கட்டுமுங்க" என்றான். "முறைன்னு ஒண்ணு" என்று அவர் ஆரம்பித்தார். "அவ நின்னாத்தான் சீருங்க. இல்லாட்டி இந்தச் சீரே வேண்டாமுங்க" என்றான் தம்பி. பெருந்தன்மை என்று நான் நினைக்கவில்லை. முப்பது வருடம் தாமதமாக வந்த புத்தி.

காரமடை மண்டபத்தில் தம்பி மகள் பட்டுக் கட்டிக்கொண்டு தன் தம்பிக்குப் பக்கத்தில் நின்றாள். ஒரம்பரைச் சொந்தத்தில் நாலு பேர் முணுமுணுத்தார்கள், இரண்டு பேர் சாப்பிடாமல் கிளம்பினார்கள், போகட்டும். அக்கா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் நான். மேடையில் சேலையைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கேட்காமல் இருக்க முடியவில்லை. "இத்தனை வருசமா ஏன் அக்கா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை?"

அக்கா மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ எழுதுவேன்னு இருந்தேன் கண்ணு. ஒவ்வொரு பொஸ்தகம் வர்றப்பவும் அந்தக் கதவு வருதான்னுதான் படிச்சேன்."